எலி வயிற்றில் 5 நாள், பசு வயிற்றில் 17 நாள்

கேள்வி: ‘‘எங்கள் வீட்டில் ஒரு கலப்பினப் பசு இருக்கிறது. இரண்டாவது ஈற்று முடிந்து 7 மாதம் ஆகிறது. 3 முறை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை. ஒவ்வொரு தடவையும் 20, 21 நாளில் மறுபடியும் கத்த ஆரம்பித்துவிடுகிறது. கறவையும் குறைந்துகொண்டே வருகிறது. கொடுத்துவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். கல்லூரியில் விலங்கியல் படிக்கும் மகள், ‘எலியின் கருப்பையில் ஹார்மோன் எப்படி வேலை செய்கிறது என்று பல நாடுகளில் ஆராய்ச்சி நடக்கிறது. கரு ஏன் தங்காமல் போகிறது என்பது அதில்தான் தெரியவந்தது’ என்கிறாள். எலிக்கும் எங்கள் மாட்டுக்கும் என்ன சம்பந்தம்? பருவத்துக்கு வரவைக்கும் ஊசி ஒன்று போட்டு, மறுபடியும் முயற்சி செய்யலாமா?’’

- ஒரு வாசகி, நாமக்கல் மாவட்டம்.

பதில்: மகள் சொன்னது சரிதான். கருவுற்ற முதல் சில நாட்களில் கருப்பைக்குள் என்ன நடக்கிறது என்பது பற்றி இன்று தெரிந்திருப்பதில் பெரும்பகுதி, ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்படும் சுண்டெலியிடமும் வெள்ளை எலியிடமும் கற்றுக்கொண்டதுதான். பசுவின் சினைக்காலம் 9 மாதத்துக்கு மேல். சுண்டெலிக்கோ மூன்றே வாரம். 4, 5 நாளுக்கு ஒருமுறை அது பருவத்துக்கு வரும். எந்த நாளில் கலந்தது, எந்த நாளில் கரு ஒட்டியது என்பதை மணிக்கணக்கில் குறித்து வைக்க முடியும். ஒரு குறிப்பிட்ட ஜீனை மட்டும் நீக்கிய எலியை உருவாக்கி, அது இல்லாவிட்டால் எந்த வேலை நிற்கிறது என்றும் பார்க்க முடியும்.

அந்த எலிகள் சொல்லிக்கொடுத்த முக்கியமான பாடம் ஒன்று உண்டு. விதை நன்றாக இருந்தால் மட்டும் போதாது, நிலமும் அதே நாளில் பதத்தில் இருக்க வேண்டும். கருவும் கருப்பையும் ஒரே நேரத்தில் தயாரானால்தான் சினை நிற்கும். இதில் ஒருவர் முந்தினாலும் ஒருவர் பிந்தினாலும் அந்தச் சினை வீண். ‘இன்னொரு ஊசி போடலாமா?’ என்ற கேள்விக்கான பதிலும் இதற்குள்தான் இருக்கிறது.

நாலே நாளில் பதமாகும் நிலம்

சுண்டெலி கலந்ததற்கு அடையாளம் தெரியும் காலையை ஆராய்ச்சியாளர்கள் 1-ம் நாள் என்று எண்ணுகிறார்கள். அன்று கருப்பையில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனின் ஆட்சி. பருவத்துக்கு வந்தபோது சினைப்பையில் சுரந்த அந்த ஹார்மோன், முதல் 2 நாட்கள் கருப்பையின் உள்தோல் செல்களைப் பெருக வைக்கிறது. கரு அப்போது கருப்பைக்கே வந்திருக்காது. கருக்குழாயில்தான் இருக்கும்.

3-ம் நாள் காட்சி மாறுகிறது. முட்டை வெளியேறிய இடத்தில் சினைப்பையில் ஒரு திரளை உருவாகியிருக்கும். பசுவில் இது மஞ்சளாகத் தெரியும். கால்நடை மருத்துவர்கள் இதை ‘கார்பஸ் லூட்டியம்’ என்பார்கள். இதிலிருந்து சுரப்பதுதான் புரோஜெஸ்டிரோன். சினையைத் தாங்கிப் பிடிக்கும் ஹார்மோன் இது. புரோஜெஸ்டிரோன் கூடியதும், உள்தோல் பெருகுவது நிற்கிறது. அதற்கு அடியில் இருக்கும் திசு பெருக ஆரம்பிக்கிறது. உழுது புரட்டியதை நிறுத்திவிட்டு, பரம்படித்துச் சமன் செய்வது மாதிரி.

4-ம் நாள் காலையில் ஈஸ்ட்ரோஜன் மறுபடியும் ஒருமுறை, மிகக் கொஞ்சமாக, தலைகாட்டுகிறது. புரோஜெஸ்டிரோன் தயார்செய்து வைத்த கருப்பையில் இந்தச் சிறு துளி ஈஸ்ட்ரோஜன் பட்டால்தான் வாசல் திறக்கும். அதே சமயத்தில் கருவும் கருப்பைக்குள் வந்து சேர்ந்திருக்கும். அதன் அளவு, ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அன்றிரவே அது கருப்பையின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. 5-ம் நாள் ஒட்டிய இடத்தைச் சுற்றி அடித்திசு தடித்து, கருவை அணைத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு வாசல் மூடிவிடும். பிந்தி வரும் கருவுக்கு அங்கே இடமில்லை. ஆடிப் பட்டம் தேடி விதைக்கச் சொன்ன ஊரில், பட்டம் தவறினால் என்ன ஆகும் என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஒரு சேதி, பல கைகள்

ஹார்மோன் ரத்தத்தில் வந்துவிட்டால் மட்டும் வேலை முடிந்துவிடாது. ஊராட்சியில் ஒரு அறிவிப்பு வந்தால், அதைத் தெருத்தெருவாகச் சொல்ல ஆள் வேண்டும் அல்லவா? கருப்பைக்குள்ளும் அப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது.

புரோஜெஸ்டிரோன் வந்ததும், கருப்பையின் உள்தோல் ஒரு புரதத்தைச் சுரந்து அடித்திசுவுக்குச் சேதி அனுப்புகிறது. அந்தப் புரதத்தின் பெயர் ‘இந்தியன் ஹெட்ஜ்ஹாக்’, அதாவது இந்திய முள்ளெலி. இந்த வகை ஜீன் முதலில் பழ ஈயில்தான் கண்டறியப்பட்டது. அது பழுதான ஈயின் புழு உடம்பெங்கும் முள் நிறைந்து முள்ளெலி மாதிரி தெரிந்ததால் அந்தப் பெயர் வந்தது. பிறகு முதுகெலும்புள்ள விலங்குகளில் கண்டெடுத்த ஒன்றுக்கு இந்திய முள்ளெலியின் பெயரை வைத்தார்கள். நம் மேய்ச்சல் காடுகளில் சுருண்டு கிடக்கும் முள்ளெலியின் சொந்தக்கார இனம்தான் அது. இந்தப் புரதத்தைக் கருப்பையில் இல்லாமல் செய்த சுண்டெலிகளில் கரு ஒட்டவில்லை என்பது 2006-ல் உறுதியானது.

அடித்திசு அந்தச் சேதியை வாங்கி, பதில் சேதி அனுப்ப வேண்டும். அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் இந்திராணி பாக்சி, மிலன் பாக்சி குழுவினர் 2011-ல் இதில் ஒரு முக்கியமான கண்ணியைக் கண்டுபிடித்தார்கள். புரோஜெஸ்டிரோன் தூண்டுதலால் அடித்திசுவில் ‘ஹேண்ட்2’ என்ற புரதம் உருவாகிறது. ‘பெருகியது போதும், நிறுத்து’ என்ற உத்தரவு உள்தோலுக்குப் போவது இதன் வழியாகத்தான். ஹேண்ட்2 இல்லாத கருப்பையில் உள்தோல் நிற்காமல் பெருகிக்கொண்டே இருந்தது. கரு வந்தும் ஒட்ட இடமில்லை.

4-ம் நாள் வரும் அந்தச் சிறு துளி ஈஸ்ட்ரோஜனுக்கும் ஒரு கை இருக்கிறது. அது கருப்பையின் சுரப்பிகளில் ‘லிஃப்’ என்ற புரதத்தைச் சுரக்க வைக்கிறது. காலின் ஸ்டீவர்ட் என்ற விஞ்ஞானியும் சக ஆய்வாளர்களும் 1992-ல் லிஃப் இல்லாத பெண் சுண்டெலிகளை ஆராய்ந்தார்கள். அவற்றில் முட்டை வந்தது, கருவுற்றது, கருவும் வளர்ந்தது. ஆனால், ஒரு கருகூட ஒட்டவில்லை. அதே கருக்களை எடுத்து, குறையில்லாத வேறொரு தாயின் கருப்பையில் வைத்தபோது ஒட்டி வளர்ந்தன. குறை விதையில் இல்லை, நிலத்தில்தான் இருந்தது என்பது அங்கே சந்தேகமில்லாமல் தெரிந்தது.

கருவும் சும்மா இருப்பதில்லை. இந்தியாவில் பிறந்து, அமெரிக்காவில் ஆய்வு நடத்திய சுதான்சு டே என்ற விஞ்ஞானியின் குழு, 1994-ல் இன்னொன்றைக் காட்டியது. கரு ஒட்டுவதற்குச் சில மணி நேரம் முன்பே, அது தங்கப்போகும் இடத்தில் மட்டும் கருப்பையின் உள்தோல் ஒரு வளர்ச்சிப் புரதத்தைச் சுரக்கிறது. பக்கத்து இடங்களில் அது இல்லை. ‘வந்துவிட்டேன்’ என்று கரு தட்டுகிறது, ‘வா’ என்று அந்த இடம் மட்டும் திறக்கிறது.

காத்திருக்கும் கரு

பெண் எலி குட்டி போட்ட ஒரு நாளுக்குள்ளேயே மறுபடியும் பருவத்துக்கு வந்து கலந்துவிடும். இப்போது மடியில் ஒரு கூட்டம் பால் குடிக்கிறது. வயிற்றில் அடுத்த கூட்டம் உருவாகிறது. இரண்டையும் ஒரே உடம்பு எப்படித் தாங்கும்?

குட்டிகள் மடியைச் சப்பும்போது தாயின் உடம்பில் புரோலாக்டின் சுரக்கிறது. பால் சுரக்க வைப்பதோடு, எலியில் கார்பஸ் லூட்டியத்தைக் காப்பாற்றுவதும் இந்த ஹார்மோன்தான். அதனால் புரோஜெஸ்டிரோன் இருக்கிறது. ஆனால், சினைப்பையிலிருந்து அந்த 4-ம் நாள் ஈஸ்ட்ரோஜன் வருவது தடைபடுகிறது. சாவி இல்லாததால் வாசல் திறப்பதில்லை. கரு செத்துப்போகாது. வளராமல், ஒட்டாமல், கருப்பைக்குள் அப்படியே உறங்கும். விதைக் குதிரில் கிடக்கும் நெல்லைப் போல. பால் குடிக்கும் குட்டிகள் அதிகமானால் காத்திருப்பும் நீளும். பிறகு ஈஸ்ட்ரோஜன் சுரந்ததும் கரு விழித்து ஒட்டிக்கொள்ளும். முதல் ஈற்றுக் குட்டிகள் பால் மறக்கும் சமயத்தை ஒட்டி அடுத்த ஈற்று வந்துவிடுகிறது.

இதையே ஆய்வுக்கூடத்திலும் செய்து காட்டியிருக்கிறார்கள். 4-ம் நாள் ஈஸ்ட்ரோஜன் வருவதற்கு முன்பே சினைப்பையை அகற்றிவிட்டு, தினமும் புரோஜெஸ்டிரோன் மட்டும் கொடுத்தால் கருக்கள் உறங்கிக்கொண்டே இருக்கும். ஒரே ஒரு முறை ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் போதும், ஒட்டிவிடும்.

அமிர்தமும் நஞ்சாகும் அளவு

ஈஸ்ட்ரோஜன்தான் சாவி என்றால், அதை நிறையக் கொடுத்தால் நன்றாகத் திறக்குமே என்று தோன்றும். சுதான்சு டே குழு 2003-ல் இதைத்தான் சோதித்தது. உறங்கும் கருவோடு இருந்த சுண்டெலிகளுக்கு வெவ்வேறு அளவில் ஈஸ்ட்ரோஜன் கொடுத்தார்கள். குறைந்த அளவு கொடுத்தபோது கருப்பையின் வாசல் நீண்ட நேரம் திறந்திருந்தது. அளவைக் கூட்டியபோது வாசல் திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது. அதன்பிறகு வந்த கருவைக் கருப்பை ஏற்கவில்லை.

அதே குழுவினர் காட்டிய இன்னொரு விஷயமும் உண்டு. வாசல் மூடும் நேரத்தில், பிந்தி ஒட்டிய கருக்கள் சினையை முழுதாகக் கொண்டுபோகவில்லை. சில ஒரே இடத்தில் நெருக்கியடித்து ஒட்டின. சில பாதியில் கரைந்துபோயின. நட்ட அன்றே வேர் பிடிக்காத நாற்று, பிறகு எவ்வளவு உரம் போட்டாலும் தேறாமல் போவது மாதிரி, முதல் வாரப் பிசகு கடைசி வரைக்கும் தொடர்ந்தது.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற பழமொழி ஹார்மோனுக்கு அப்படியே பொருந்தும். இங்கே அளவோடு நேரமும் சேர்ந்துகொள்கிறது.

பசு எங்கே மாறுபடுகிறது?

எலியில் கண்டதை அப்படியே பசுவுக்குப் பொருத்திவிட முடியாது. இரண்டு பெரிய வித்தியாசங்கள் இருக்கின்றன.

முதலாவது, எலியின் கார்பஸ் லூட்டியம் சினைக்காகவே நீடிக்கிறது என்றால், அதற்குக் காரணம் கலப்பு. கடுவனோடு கலந்த தூண்டுதலே தாயின் மூளைக்குப் போய், நாளுக்கு இரண்டு முறை புரோலாக்டின் சுரக்க வைக்கிறது. பசுவுக்கு அப்படி இல்லை. சினை ஊசி போட்டாலும் போடாவிட்டாலும், பருவம் முடிந்ததும் கார்பஸ் லூட்டியம் தானாக உருவாகி, இரண்டு வாரத்துக்கு மேல் புரோஜெஸ்டிரோனைச் சுரந்துகொண்டிருக்கும். அதற்குள் ‘நான் இருக்கிறேன்’ என்று கரு தாய்க்குத் தகவல் சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது, எலியின் கரு 5-ம் நாள் சுவருக்குள் புதைந்துவிடும். பசுவின் கரு அவசரப்படாது. 4, 5 நாளில் கருப்பைக்கு வந்து, 8, 9-ம் நாளில் தன் கூட்டை உடைத்து வெளியேறி, ஒட்டாமலேயே மிதந்துகொண்டிருக்கும். பிறகு இரண்டாவது வாரக் கடைசியிலிருந்து நூல் மாதிரி நீள ஆரம்பித்து, சில நாட்களில் ஒரு சாண் அளவுக்கும் நீண்டுவிடும். இந்த நூல்தான் ‘இன்டர்ஃபெரான் டௌ’ என்ற புரதத்தைச் சுரந்து தகவல் சொல்கிறது. 16, 17-ம் நாளில் இந்தத் தகவல் உச்சத்தில் இருக்கும். தகவல் கிடைத்தால் கார்பஸ் லூட்டியம் நிலைக்கும், சினை தொடரும். கரு சுவரோடு ஒட்ட ஆரம்பிப்பதே மூன்றாவது வாரக் கடைசியில்தான்.

தகவல் கிடைக்காவிட்டால், கருப்பை புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரந்து கார்பஸ் லூட்டியத்தைக் கரைத்துவிடும். புரோஜெஸ்டிரோன் சரியும். 21-ம் நாள் பசு கத்தும்.

இதுதான் வாசகியின் கேள்விக்கான இடம். அவருடைய பசு சரியாக 20, 21 நாளில் திரும்பி வருகிறது என்றால், அதன் சினைப்பை கடிகாரம்போல ஓடுகிறது என்று அர்த்தம். ஒன்று, கரு உருவாகவே இல்லை. அல்லது, உருவான கரு 16 நாளுக்குள் அழிந்துவிட்டது அல்லது தகவல் சொல்லும் அளவுக்கு வளரவில்லை. பசுக்களில் கருவுறுதல் பெரும்பாலும் நடந்துவிடுகிறது என்பதும், அதிக இழப்பு இந்த முதல் இரண்டு வாரத்தில்தான் என்பதும் ஆய்வுகளில் தெளிவாகத் தெரிந்தவை. ஊசி போட்ட பிறகு வரும் முதல் வாரத்தில் புரோஜெஸ்டிரோன் மெதுவாகவும் குறைவாகவும் ஏறினால், கரு நீளுவது தாமதப்படும். தாமதமான கரு 16-ம் நாள் கதவைத் தட்டும்போது, கேட்க ஆள் இருக்காது. எலியில் 4-ம் நாள் இரவு நடக்கும் அதே பட்டம் தவறுதல்தான், பசுவில் 16, 17-ம் நாளில் நடக்கிறது.

இன்னொரு ஊசி போடலாமா?

கைக்குக் கிடைத்த ஊசியைப் போடக் கூடாது. பருவத்துக்கு வரவைக்க என்று பரவலாகப் போடப்படுவது புரோஸ்டாகிளாண்டின் ஊசி. கார்பஸ் லூட்டியத்தைக் கரைப்பதுதான் அதன் வேலை. சினை இல்லாத மாட்டுக்கு, சரியான நாளில் மருத்துவர் போட்டால் பலன் உண்டு. சினையாக இருக்கும் மாட்டுக்குப் போட்டால் கரு கலைந்துவிடும். ‘இந்த மாதம் கத்தவில்லையே’ என்று சினையைச் சோதிக்காமல் ஊசி போட்டு, நின்ற சினையைத் தாங்களே கலைத்தவர்கள் உண்டு. கத்தாமல் இருப்பது நல்ல சேதியாகவும் இருக்கலாம். இந்த ஊசி மருந்து தோலில் பட்டாலே உடம்புக்குள் இறங்கும். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் அதைத் தொடவே கூடாது.

இந்தப் பசுவோ தவறாமல் பருவத்துக்கு வருகிறது. பருவத்துக்கு வரவைக்கும் ஊசியே இதற்குத் தேவையில்லை. 3 முறைக்கு மேல் சினை நிற்காத மாட்டை விற்பதற்கு முன் செய்ய வேண்டியவை:

1. தேதி எழுதி வைக்கவும். பருவம் தெரிந்த நேரம், ஊசி போட்ட நேரம், திரும்பக் கத்திய நாள் மூன்றும் ஒரு நோட்டில் இருக்க வேண்டும். 21 நாளில் திரும்பினால் சிக்கல் முதல் இரண்டு வாரத்தில். 30, 40 நாள் கழித்துத் திரும்பினால் சினை நின்று, பிறகு கலைந்திருக்கலாம். மருத்துவர் செய்யும் சிகிச்சையே இதைப் பொறுத்து மாறும்.

2. ஊசி நேரம் தவறக் கூடாது. காலையில் பருவம் தெரிந்தால் மாலையிலும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையிலும் ஊசி போட வேண்டும். கத்துவதை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், மற்ற மாடு மேலே தாவும்போது அசையாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பருவம் அடங்கிச் சுமார் 10, 12 மணி நேரம் கழித்துத்தான் முட்டை வெளிவரும். மிகவும் முந்தினாலும் பிந்தினாலும் வீண்.

3. கோழையைக் கவனிக்கவும். கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தால் நல்லது. கலங்கலாகவோ, சீழ் கலந்தோ இருந்தால் கருப்பையில் நோய்த்தொற்று இருக்கலாம். அந்தப் பருவத்தில் ஊசி போடாமல், மருத்துவரிடம் காட்டிச் சிகிச்சை முடித்த பிறகே போட வேண்டும்.

4. தீவனத்தில் குறை வைக்கக் கூடாது. ஈன்றவுடன் பாலுக்குப் போகும் சத்துக்கு ஈடாகத் தீவனம் கிடைக்காத மாடு, உடம்பைக் கரைத்துப் பால் கொடுக்கும். அந்த நிலையில் புரோஜெஸ்டிரோனும் குறையும். பசுந்தீவனம், அடர்தீவனத்தோடு தினமும் 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவை கொடுக்க வேண்டும். ஈன்று 60 நாளாவது கழித்து ஊசி போடுவது நல்லது.

5. ஊசி போட்ட முதல் வாரம் வெயிலில் கட்டக் கூடாது. இளம் கரு வெப்பத்தைத் தாங்காது. நிழலும், எந்நேரமும் குடிக்கத் தண்ணீரும் கட்டாயம். கோடையில் காலை, மாலை உடம்பை நனைத்துவிடலாம். ஊசி போட்டவுடன் தூரமாக ஓட்டிச் செல்வதையும் வண்டியில் ஏற்றுவதையும் தவிர்க்க வேண்டும்.

6. சினையைச் சோதித்து உறுதி செய்யவும். ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனையில் ஒரு மாதத்திலேயே தெரிந்துவிடும். கையால் சோதிக்க 45 முதல் 60 நாள் ஆக வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் சினை நிற்காவிட்டால், ஊசி போட்ட பிறகு புரோஜெஸ்டிரோனைக் கூட்டும் சிகிச்சைகள் இருக்கின்றன. எந்த மாட்டுக்கு, எந்த நாளில் என்பதைச் சினைப்பையைச் சோதித்துப் பார்த்த கால்நடை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். 4-ம் நாள் எலிக்கு உயிர் கொடுக்கும் ஹார்மோன், அளவு மாறினால் வாசலை அடைப்பதை மேலே பார்த்தோம். அடுத்த பருவத்துக்கு முன் ஒருமுறை மாட்டை மருத்துவமனைக்கு ஓட்டிச் சென்று, நோட்டையும் காட்டிவிட்டு, பிறகு விற்பதா வைத்துக்கொள்வதா என்று வீட்டில் பேசலாம்.

இதையொட்டி வந்த கேள்விகள்

‘‘நெல் வயலில் எலியைப் பிடித்துக்கொண்டே இருக்கிறோம். பத்து நாளில் மறுபடியும் பெருகிவிடுகிறது. எப்படி?’’

- ஒரு வாசகர், திருவாரூர் மாவட்டம்.

குட்டி போட்ட உடனே பருவத்துக்கு வருவதும், பால் கொடுக்கும்போதே அடுத்த கருவை வயிற்றில் நிறுத்தி வைப்பதும் எலிக் குடும்பத்தின் பலம். இதில் பக்கத்து வயல்களிலிருந்து குடியேறும் எலிகளும் சேர்ந்துகொள்கின்றன. கதிர் வரும் காலத்தில் நல்ல தீனி கிடைப்பதால் வயல் எலிகளின் இனப்பெருக்கமும் கூடுகிறது. அதனால் தொண்டைக்கதிர் பருவத்துக்கு முன்பே, எண்ணிக்கை குறைவாக இருக்கும்போதே பிடிக்க வேண்டும். கதிர் முற்றிய பிறகு பிடிக்கும் எலி, ஏற்கெனவே இரண்டு தலைமுறையைப் போட்டிருக்கலாம். ஒருவர் மட்டும் பிடித்தால் பலன் குறைவு. ஒரு வாய்க்காலில் பாயும் எல்லோரும் ஒரே வாரத்தில் தஞ்சாவூர் கிட்டி வைப்பது, வரப்பை அகலமில்லாமல் சிறிதாக்குவது, வளைகளை வெட்டுவது, ஆந்தை உட்காரக் குச்சி நடுவது ஆகியவற்றைச் சேர்ந்து செய்ய வேண்டும்.

‘‘புதிய கடுவன் எலியின் வாடை பட்டாலே பெண் எலிக்குச் சினை கலைந்துவிடும் என்று படித்தேன். உண்மையா?’’

- ஒரு மாணவர், மதுரை மாவட்டம்.

சுண்டெலியில் உண்மை. இங்கிலாந்தைச் சேர்ந்த ஹில்டா புரூஸ் என்ற பெண் விஞ்ஞானி 1959-ல் இதைக் கண்டறிந்தார். கலந்த சில நாட்களுக்குள், அறிமுகமில்லாத கடுவனின் வாடை பட்டால், தாயின் புரோலாக்டின் குறைகிறது. கார்பஸ் லூட்டியம் தளர்ந்து, புரோஜெஸ்டிரோனும் சரிந்துவிடும். கரு ஒட்டாது. கரு ஒட்டிய பிறகு இந்த வாடை பொதுவாக ஒன்றும் செய்வதில்லை. பசுவுக்கு இப்படிப்பட்ட வாடைக் கணக்கு கிடையாது.

‘‘எலியிடம் கண்டது பெண்களுக்கும் பொருந்துமா?’’

- ஒரு வாசகி, தென்காசி மாவட்டம்.

முதலில் ஈஸ்ட்ரோஜன், பிறகு புரோஜெஸ்டிரோன், அதன்பின் சில நாட்கள் மட்டும் திறக்கும் வாசல் என்ற அடிப்படை பொருந்தும். பெண்களுக்கு முட்டை வெளிவந்து ஏறக்குறைய 6 முதல் 10 நாளுக்குள் அந்த வாசல் திறந்திருக்கும். ஒரு வித்தியாசம் முக்கியமானது. எலியில் கரு வந்து தொட்ட பிறகுதான் அடித்திசு தடிக்கும். பெண்களுக்குக் கரு வந்தாலும் வராவிட்டாலும் மாதாமாதம் தடிக்கிறது. கரு வராத மாதத்தில் அது உதிர்வதுதான் மாதவிலக்கு. குழந்தை தள்ளிப்போகிறதே என்று கடையில் கேட்டு ஹார்மோன் மாத்திரை வாங்கிச் சாப்பிடுவது, சோதிக்காமல் மாட்டுக்கு ஊசி போடுவதைவிட ஆபத்தானது. மகப்பேறு மருத்துவரிடம் கணவன், மனைவி இருவரும் சேர்ந்து போய்ச் சோதித்துக்கொள்ள வேண்டும்.